வேலை நாளுக்குள் ஒரு மிருதங்கம்: ஒரு மாணவரின் சாதக நேரம் பற்றிய நிகழ்வு ஆய்வு

வயது வந்த பிறகு மிருதங்கம் கற்க வருபவர்கள் எல்லோரும் முதல் மாதத்திற்குள் சாதகம், அதாவது வீட்டில் செய்யும் பயிற்சி, பற்றி ஒரு கேள்வி கேட்டுவிடுவார்கள். "தினம் எவ்வளவு நேரம் சாதகம் பண்ணணும் சார்?" ஒரு மணி நேரம் என்று சொன்னால் முகம் வாடிவிடும். பத்து நிமிடம் என்று சொன்னால் வாத்தியார் மேலேயே மதிப்புப் போய்விடும். நான் இப்போதெல்லாம் பதில் சொல்வதற்கு முன், அவர்கள் வீட்டில் மிருதங்கம் எங்கே இருக்கிறது, கீழ் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று விசாரிக்கிறேன். இந்தப் பழக்கம் வருவதற்குப் பெரிய காரணம் இங்கே எழுதப்போகும் மாணவர்தான். அவர் கேட்டுக்கொண்டபடி பெயர் சொல்லவில்லை. அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களையும் தள்ளிவிட்டேன்.

ஆள் யார்

குரோம்பேட்டையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டாவது மாடி. பொதுத்துறை வங்கி ஒன்றில் அதிகாரி. கிளை பாரிமுனைப் பக்கம். என்னிடம் வந்தபோது வயது 42. பள்ளிக்கூடக் காலத்தில் நாலைந்து வருடம் மிருதங்கம் கற்றவர். ஆதி தாளத்தில் சுமாராக ஒரு தனி (பாட்டு இல்லாமல் மிருதங்கம் மட்டும் ஒலிக்கும் பகுதி) வாசிக்கும் அளவுக்கு வந்திருந்தார். அப்புறம் பிளஸ் டூ. பிளஸ் டூ வந்ததும் வாத்தியம் பரணுக்குப் போவது நம் வீடுகளில் ஒரு சடங்கு மாதிரி நடக்கிறது. இவருடையதும் போனது. பிறகு கல்லூரி, வங்கித் தேர்வு, வெளியூர் போஸ்டிங், கல்யாணம், பெண் குழந்தை. பரணிலிருந்து இறக்கியபோது வலது பக்கத் தோலான வலந்தலை கிழிந்திருந்தது, வார் இற்றுப்போயிருந்தது. மரம் மட்டும் நல்ல பலா. அதனால் தோல் வேலை முழுவதும் புதிதாகச் செய்துகொண்டு வந்து சேர்ந்தார்.

கை முழுசாக மறந்திருக்கவில்லை. "த தி தொம் நம்" சுத்தமாக விழுந்தது. சாப்பு என்ற வலது கை அடியில்கூடப் பழைய பயிற்சியின் மிச்சம் இருந்தது. ஆனால் வேகம் கிடையாது, நினைவும் கிடையாது. ஒரு பாடத்தைப் பாதி வாசித்துவிட்டு நோட்டைப் பார்ப்பார்.

எக்ஸலில் ஒரு அட்டவணை

முதல் வகுப்புக்கே ஒரு அட்டவணையோடு வந்தார். வங்கிக்காரர் அல்லவா. திங்கள் முதல் சனி வரை இரவு 9 முதல் 10 வரை சாதகம், ஞாயிறு காலை வகுப்பு. பக்கத்திலேயே இன்னொரு கணக்கும் போட்டிருந்தார். பத்தாயிரம் மணி நேரம் பயிற்சி செய்தால் வித்துவான் ஆகலாம் என்று எங்கேயோ படித்திருக்கிறார். தினம் அரை மணி என்று வைத்தால் 20,000 நாள், ஏறத்தாழ 55 வருடம். "97 வயசுல அரங்கேற்றம் வெச்சுக்கலாம் சார்" என்று சிரித்தார்.

அந்தப் பத்தாயிரத்தின் கதையைச் சொன்னேன். 1993இல் ஆண்டர்ஸ் எரிக்சனும் அவருடைய சகாக்களும் பெர்லினில் ஓர் இசைக் கல்லூரியின் வயலின் மாணவர்களை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையிலிருந்து கிளம்பிய எண் அது. சிறந்த மாணவர்கள் இருபது வயதுக்குள் செய்திருந்த தனிப் பயிற்சியின் சராசரி மதிப்பீடு. அதைத் தாண்டினால் வித்துவான், தாண்டாவிட்டால் இல்லை என்று அந்தக் கட்டுரை சொல்லவில்லை. 42 வயதில் சனிக்கிழமை பஜனைக்கு வாசிக்க ஆசைப்படுகிற ஒருவருக்கு அந்த எண்ணால் ஒரு பிரயோஜனமும் கிடையாது. அதே கட்டுரையில் எனக்குப் பயன்பட்ட விஷயம் வேறு: அந்த மாணவர்கள் மூளை தெளிவாக இருக்கும் நேரத்தில், இடைவெளி விட்டு, ஓரளவு குறுகிய அமர்வுகளாக வாசித்தார்கள். நாள் முழுக்க உழைத்துக் களைத்த பிறகு ராத்திரி ஒன்பது மணிக்கு உட்காரவில்லை.

இந்த மாதிரி மாணவர்கள் ஆறுதலுக்கு இன்னொன்றும் சொல்வார்கள். மிருதங்க வித்துவான் உமையாள்புரம் சிவராமன் சட்டம் படித்தவர், பாடகர் சஞ்சய் சுப்ரமணியன் பட்டயக் கணக்காளர், அவர்களுக்கு முடிந்தது நமக்கு முடியாதா என்று. படிப்பும் சங்கீதமும் சேர்ந்து போகலாம் என்பதற்கு அது சாட்சி, சரி. ஆனால் அவர்களுக்கெல்லாம் கையும் குரலும் சின்ன வயதிலேயே தயாராகிவிட்டன. நடுவயதில் திரும்பி வருகிற ஒருவர் அதைப் பார்த்து நேரம் ஒதுக்கப் போனால் மனது உடைவதுதான் மிச்சம்.

ஒன்பது மணி எங்கே போனது

இரண்டு மாதத்தில் அட்டவணை படுத்துவிட்டது. வாரத்துக்கு இரண்டு நாள் வாசித்தால் பெரிது. ஞாயிறு வகுப்புக்கு வரும்போது போன வாரப் பாடம் அப்படியே பச்சையாக இருக்கும். "டைமே இல்ல சார்" என்றார். நான் அதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் சாதகத்தைத் தொடக்கத்திலிருந்து முடியும் வரை செல்போனில் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். வாசிப்பதை மட்டும் இல்லை, உறையைக் கழற்றுவதிலிருந்து.

அந்த வீடியோ நாற்பது நிமிடம் ஓடியது. மிருதங்கம் படுக்கையறை அலமாரிக்குப் பின்னால், உறைக்குள் இருக்கிறது. அதை எடுப்பதற்கு முன் இஸ்திரி மேஜையை நகர்த்த வேண்டும். ஹாலுக்குக் கொண்டுவந்து பாய் விரிக்கிறார். சமையலறைக்குப் போய் ரவை எடுத்து, தண்ணீர் விட்டு, ஊறுவதற்காகக் காத்திருக்கிறார். அந்த நேரத்தில் போனில் ஏதோ மெசேஜ் பார்க்கிறார். ரவையைப் பிசைந்து, இடது பக்கத் தோலான தொப்பியின் நடுவில் அப்பி, வட்டமாக அழுத்துகிறார். தொப்பி சத்தம் கனமாக இருக்கிறது என்று கொஞ்சம் சுரண்டி எடுக்கிறார், மறுபடி கொஞ்சம் ஒட்டுகிறார். படுக்கையறையில் ஏசி ஓடியிருக்கிறது. ஹாலுக்கு வந்ததும் வலந்தலை சுருதி இறங்குகிறது. கல்லும், புள் என்ற மரத்துண்டும் எடுத்துத் தட்டிச் சுருதி சேர்க்கிறார். இதெல்லாம் முடிந்து முதல் "த" விழும்போது பதினாலு நிமிடம் ஆகிவிட்டது.

அப்புறம் வாசிக்கிறார். ஆனால் எதை? நோட்டைத் திறந்து வைத்து, ஒரு வரி படித்து, வாய்க்குள் முணுமுணுத்து, கையால் தேடிப் பார்க்கிறார். தப்பாகிறது. மறுபடி நோட்டு. கை நிஜமாகத் தோலில் ஓடிய நேரம் எட்டு, ஒன்பது நிமிடம் தேறலாம். இடையில் கால் மரத்துப்போய் ஒருதரம் எழுந்து உதறிக்கொள்கிறார். நாள் பூராவும் நாற்காலியில் உட்கார்ந்தவருக்குச் சம்மணம் போட்டு, வலது கணுக்கால் மேல் வாத்தியத்தின் பாரத்தையும் வைத்தால் இருபது நிமிடத்துக்கு மேல் தாங்காது. கடைசியில் ரவையைச் சுரண்டித் துடைக்க வேண்டும். அப்படியே விட்டால் காய்ந்து ஒட்டிக்கொண்டு தோல் கெடும், எறும்பு கரப்பான் வேறு வரும். அதற்கு ஒரு நாலு நிமிடம்.

நாற்பது நிமிடத்தில் எட்டு நிமிடம் கை வேலை. இவருக்கு ஒரு மணி நேரம் கிடைத்திருந்தாலும் பெரிதாக மாறியிருக்காது.

வயலின்காரர் வில்லை இறுக்கிச் சுருதி சேர்த்தால் போதும், புல்லாங்குழல்காரர் எடுத்த நிமிடமே ஊதலாம். மிருதங்கம் இந்த விஷயத்தில் கொஞ்சம் முரட்டு வாத்தியம். உட்காருவதற்கே தயாரிப்பு வேண்டும், எழுந்திருக்கவும் வேண்டும். "கிடைக்கிற பத்து நிமிஷத்துல வாசிங்க" என்ற பொதுவான அறிவுரை இதற்குச் சரிப்படாது. ரவை ஊறுவதற்கே அந்தப் பத்து நிமிடம் போய்விடும்.

கீழ் வீடு

வீடியோவின் முடிவில் அழைப்பு மணி அடிப்பது கேட்டது. கேட்டபோது, கீழ் வீட்டிலிருந்து ஆள் அனுப்பியிருந்தார்கள் என்றார். அங்கே ஒரு நர்ஸ் இருக்கிறார், ஒன்பது மணிக்கு மேல் சத்தம் கேட்டால் தூக்கம் கெடுகிறது என்று முன்பே ஒருமுறை சொல்லியிருக்கிறாராம்.

சட்டப்படி பார்த்தால் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. ஒன்பதரைக்கு மிருதங்கம் வாசிப்பவர் கடிகாரக் கணக்கில் தப்பித்துவிடலாம். ஆனால் தொப்பியின் "தொம்" காற்றில் மட்டும் போவதில்லை, தரை வழியாக இறங்கும். மேல் வீட்டில் சாதாரணமாகக் கேட்பது கீழ் வீட்டுக் கட்டிலில் படுத்திருப்பவருக்கு மண்டைக்குள் கேட்கும். ஜமக்காளத்தை மடித்துப் போட்டால் கொஞ்சம் குறையும். கொஞ்சம்தான்.

மாணவரின் மனைவி இதை இரண்டே நாளில் தீர்த்துவிட்டார். வெள்ளிக்கிழமை சுண்டலோடு கீழே போய், "உங்களுக்கு எந்த நேரம்மா தொந்தரவு இல்லாம இருக்கும்?" என்று நேராகக் கேட்டுவிட்டார். இரவு டியூட்டி வாரங்களில் அந்த அம்மா வீடு திரும்பவே காலை எட்டரை ஆகும். பகல் டியூட்டி வாரங்களில் ஐந்தரைக்கே எழுந்து கிளம்பிவிடுவார், ஆனால் ராத்திரி ஒன்பதுக்குப் படுத்தாக வேண்டும். ஆக, எந்த வாரமாக இருந்தாலும் காலை ஆறு மணிக்கு மேல் பிரச்சினையே இல்லை. இவர் தேர்ந்தெடுத்திருந்த ஒன்பது மணிதான் இருப்பதிலேயே மோசமான நேரம். ஆறரை மணிக்கு அந்தக் கட்டடத்தில் பாதி வீடுகளில் சட்னிக்கு மிக்ஸி ஓடுகிறது. அந்தச் சத்தத்தில் மிருதங்கத்தை யாரும் தனியாகக் கவனிக்கப்போவதில்லை.

எதை எங்கே வாசிப்பது

நேரத்தைக் காலைக்கு மாற்றியது பாதி வேலை. மீதிப் பாதி, வாத்தியத்தின் முன்னால் உட்கார்ந்து செய்ய வேண்டியது எது, செய்யத் தேவையில்லாதது எது என்று பிரிப்பது. எனக்கு இந்த நிகழ்வில் முக்கியமாகப் பட்டது இதுதான்.

மிருதங்கப் பாடம் முதலில் வாயில்தான் வருகிறது. குரு சொல்வார், சிஷ்யன் தாளம் போட்டுக்கொண்டு திருப்பிச் சொல்வான், அப்புறம்தான் கை. சொற்கட்டு நாக்கில் ஏறாமல் கைக்குப் போனால் தடுமாறும் என்பது எல்லாப் பாணியிலும் உள்ள பாலபாடம். ஆனால் வேலைக்குப் போகிறவர்கள், கிடைப்பதே கொஞ்ச நேரம் என்ற பதற்றத்தில் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பாடத்தை மனப்பாடம் செய்வதையே மிருதங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு செய்கிறார்கள். வீடியோவில் பார்த்த நோட்டும் முணுமுணுப்பும் அதுதான். வாத்தியத்தோடு இருக்கும் நேரம் அபூர்வமானது. அதை ஞாபகப்படுத்திப் பார்ப்பதற்குச் செலவழித்தால் கட்டுப்படியாகாது.

அவருக்குத் தினம் போக நாற்பது, வர நாற்பது நிமிடம் மின்சார ரயில் இருந்தது. அதுவரை அந்த நேரத்தில் யூடியூபில் கச்சேரி கேட்டுக்கொண்டு போவார். கேட்பது நல்லதுதான், அதைத் திரும்பி வரும்போது வைத்துக்கொள்ளச் சொன்னேன். போகும்போது கணக்கு. ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரம், அட்சரத்துக்கு நாலு மாத்திரை என்றால் ஓர் ஆவர்த்தனத்துக்கு, அதாவது தாளத்தின் ஒரு சுற்றுக்கு, 32. "ததிகிணதொம்" ஐந்து மாத்திரை. மூன்று தடவை சொன்னால் 15. அப்படியானால் 17 மாத்திரை தள்ளி எடுத்தால் சமத்தில், அதாவது அடுத்த சுற்றின் முதல் தட்டில், வந்து விழும். ஒவ்வொரு "ததிகிணதொம்"முக்கும் நடுவில் ஒரு மாத்திரை கார்வை (இடைவெளி) விட்டால் மொத்தம் 17 ஆகிவிடும், இப்போது 15 தள்ளி எடுக்க வேண்டும். இரண்டு மாத்திரை விட்டால்? இதை மனதுக்குள் சொல்லிக்கொண்டே விரலால் தாளம் போட வேண்டும். பல்லாவரத்தில் எடுத்தால் கிண்டி வருவதற்குள் தடுமாறாமல் வரவேண்டும் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம்.

கூட்டத்தில் ஒரு கை மேல் கம்பியில் மாட்டிக்கொண்டிருக்கும். இன்னொரு கையின் கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தொட்டு எண்ணிக்கொள்வார். பக்கத்தில் நிற்பவர்கள் ஜபம் என்று நினைத்திருக்கலாம். வங்கியில்தான் கொஞ்சம் வில்லங்கம். கவுன்டரில் கூட்டம் இல்லாத நேரத்தில் மேஜையில் விரல் ஓட ஆரம்பிக்க, எதிர் சீட் அம்மா "என்ன சார், பிரஷர் மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

மனதில் மட்டும் செய்யும் பயிற்சி ஏமாற்று வேலை என்று அவருக்கு ஆரம்பத்தில் ஒரு சந்தேகம். 1995இல் அல்வாரோ பாஸ்குவல்-லியோனே குழுவினர் வெளியிட்ட ஓர் ஆய்வைச் சொன்னேன். பியானோ தெரியாதவர்களுக்கு ஒரு ஐந்து விரல் பயிற்சியைக் கொடுத்து, ஒரு பிரிவினர் தினம் இரண்டு மணி நேரம் வாசித்தார்கள், இன்னொரு பிரிவினர் அதே இரண்டு மணி நேரம் விரலை அசைக்காமல் மனதுக்குள் வாசித்தார்கள். ஐந்து நாள். மனதுக்குள் வாசித்தவர்கள் ஐந்தாம் நாள் முடிவில், கையால் வாசித்தவர்களின் மூன்றாம் நாள் நிலைக்கு வந்திருந்தார்கள். அப்புறம் ஒரே ஒரு இரண்டு மணி நேர வாசிப்பில் அவர்களை எட்டிப் பிடித்துவிட்டார்கள். அந்தக் கடைசி இரண்டு மணி நேரம் இல்லாமல் எட்டவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னேன். ரயிலில் பாடம் ஏறும், ஆனால் ரயிலில் சாப்பு வராது.

காலை இருபத்தைந்து நிமிடம்

மிருதங்கத்தைப் படுக்கையறையிலிருந்து ஹாலின் ஒரு மூலைக்குக் கொண்டுவந்தார்கள். உறை இல்லை, மேலே ஒரு பருத்தித் துண்டு. பக்கத்தில் சுருட்டிய ஜமக்காளம், கல், புள். ஏசி இல்லாத இடம் என்பதால் ராத்திரிக்கும் காலைக்கும் சுருதி அவ்வளவாக ஓடுவதில்லை. மழைக்காலம் வேறு கதை. ஐப்பசியில் தோல் தொய்ந்துபோவதை மெட்ராஸில் யாராலும் தடுக்க முடியாது.

அடுத்தது ரவை. இதைப் பற்றி எழுதினால் என்னோடு சண்டைக்கு வரும் வித்துவான்கள் உண்டு, தெரியும். வார நாட்களில் ரவை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ரவை போடாத தொப்பியில் நாதம் கிடையாது. "டப்" என்று வெறும் தோல் சத்தம். இழைத்து எழுப்பும் கும்கி ஒலி வராது. ஆனால் பதினைந்து நிமிடம் மிச்சம், தரை வழியாக இறங்கும் கனமும் இல்லை. வலந்தலைக்கு ஒரு குறையும் கிடையாது, அது முழுச் சத்தத்தில் பேசும். இவருடைய பலவீனம் முழுக்க வலது கையில்தான் இருந்தது என்பதால் இந்த பேரம் எனக்கு லாபமாகப் பட்டது. இடது கையில் கோளாறு உள்ள ஒருவருக்கு இதைச் சொல்லமாட்டேன். ரவை இல்லாத தொப்பியில் நாதம் வரவில்லையே என்று ஓங்கி அடிக்கத் தோன்றும், அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் பிறகு கழற்றுவது பெரும்பாடு. இவருக்கும் இரண்டாவது மாதத்தில் அதன் சாயல் தெரிந்தது. ஞாயிறு வகுப்பில் ரவை போட்ட தொப்பியில் இடது கையை மட்டும் வைத்து மெதுவாக வாசிக்க வைத்துச் சரிசெய்தோம்.

ஆறு பத்துக்கு உட்காருவது, ஆறு முப்பத்தைந்துக்கு எழுந்திருப்பது. கால் மரக்கும் நேரத்துக்கும் அது பொருந்தியது. அதற்குள் என்ன வாசிப்பது என்பதை முந்தின நாள் ராத்திரியே தீர்மானித்துவிட வேண்டும் என்பது ஒரே நிபந்தனை. காலையில் உட்கார்ந்து யோசித்தால் கை தானாகப் பிடித்த பாடத்துக்கே போகும். முதல் பத்து நிமிடம் தகதிமி, தகிட, தரிகிடதொம் என்று மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும். மெட்ரோநோமில் நிமிடத்துக்கு 60 தட்டில் ஆரம்பித்தார். பிறகு ரயிலில் ஏற்றிய கோர்வையை, அதாவது கணக்குப் போட்டுக் கோத்த சொற்களை, கையில் இறக்குவது. கடைசி சில நிமிடம், தப்பு வரும் இடம் எதுவோ அதை மட்டும், பாதி வேகத்தில். நோட்டு அறைக்குள் வரக்கூடாது.

கடைசியில் ஒரு நிமிட ஒலிப்பதிவை வாட்ஸாப்பில் எனக்கு அனுப்புவார். நான் பெரும்பாலும் மதியம்தான் கேட்பேன். "நம்ல மோதிர விரல் அழுந்துது, சும்மா தொட்டா போதும்" என்ற அளவில் ஒரு பதில். வலந்தலை நடுவில் உள்ள கருப்பு வட்டமான கரணையின் ஓரத்தில் மோதிர விரல் லேசாகத் தொட்டிருக்க, ஆள்காட்டி விரல் வெளி வளையமான மீட்டில் விழ வேண்டும். அழுத்தினால் நாதம் செத்துவிடும். இதை ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருந்து சொன்னால், அதற்குள் தப்பான விரலோடு ஆறு நாள் சாதகம் ஆகியிருக்கும்.

நீண்ட அமர்வுக்கு வங்கி விடுமுறையையே பிடித்துக்கொண்டோம். 2015 செப்டம்பரிலிருந்து இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகள் வங்கிகளுக்கு விடுமுறை. அந்த இரண்டு நாளும் பகல் பதினொன்றுக்கு, முறையாக ரவை போட்டு, ஒன்றரை மணி நேரம். இது இல்லாவிட்டால் காலைச் சாதகம் தேய்ந்துபோய்விடும் என்று நான் நினைக்கிறேன். இருபத்தைந்து நிமிடத்தில் விரல் சுத்தமாகும், வேகம் வரும். தாக்குப்பிடிக்கும் பலம் வராது. ஒரு தனி பத்து நிமிடம் ஓடும். அதற்கு முன்னால் பாட்டுக்கு முக்கால் மணி வாசித்திருக்க வேண்டும். தோள் எப்போது இறுகுகிறது, களைத்த பிறகு எந்தச் சொல் முதலில் தேய்கிறது என்பதெல்லாம் நீண்ட அமர்வில்தான் தெரியும். இவருக்கு முதலில் தேய்ந்தது அரைச்சாப்பு.

வீட்டில் இதற்கு விலை இல்லாமல் இல்லை. ஆறு பத்து என்றால் பெண்ணைப் பள்ளிக்குக் கிளப்பும் வேலையில் ஒரு பங்கு மனைவி தலையில் விழும். அதற்குப் பதிலாக ராத்திரிப் பாத்திரம் இவர் பொறுப்பு என்று பேசி முடித்தார்கள். சாதக நேரம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் வீட்டில் இன்னொருவரிடமிருந்து வாங்கிய நேரம். இதைப் பேசாமலே எடுத்துக்கொள்கிறவர்களின் சாதகம் மூன்று மாதத்தில் நின்றுபோவதைப் பார்த்திருக்கிறேன்.

மார்ச்

ஏழு மாதம் நன்றாகப் போயிற்று. 60 தட்டு 84 ஆனது. மார்கழியில் சபா சபாவாகப் போய், தனி ஆவர்த்தனத்தின்போது கேன்டீனுக்கு எழுந்து போகும் கூட்டத்தை முறைத்துக்கொண்டு, தொடையில் தாளம் போட்டுக் கணக்கைப் பிடித்துக்கொண்டு வந்து என்னிடம் ஒப்பிப்பார். அப்புறம் மார்ச் வந்தது.

வங்கியில் மார்ச் மாதம் என்றால் என்னவென்று வங்கிக்காரர் வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும். இலக்கு, வாராக்கடன், தணிக்கை. வீடு திரும்ப ராத்திரி பதினொன்று. ஆறு பத்துக்கு எழுந்திருப்பது நடக்காத காரியம். இங்கேதான் பெரும்பாலானோர் விடுகிறார்கள். ஏப்ரலில் மறுபடி ஆரம்பிக்க வெட்கப்பட்டுக்கொண்டு ஜூன் வரை தள்ளிப்போடுகிறார்கள், அப்புறம் வருவதில்லை.

மார்ச் முழுவதும் புதுப் பாடம் கிடையாது என்று பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டேன். வகுப்பும் பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான். தினசரிச் சாதகம் ஐந்து நிமிடம், அதுவும் மிருதங்கத்தில் வேண்டாம். கனமான ரப்பரைப் பலகையில் ஒட்டிய பயிற்சித் தட்டு ஒன்று வாங்கிக்கொண்டார். காபி ஆறும் வரை அதில் தரிகிடதொம். ரப்பர் கையைத் திருப்பித் தள்ளும், தோல் அப்படித் தள்ளாது. நாதம் என்ற ஒன்றே அதில் கிடையாது. அதனால் மாதக்கணக்கில் அதை நம்பினால் கை கெடும். ஒரு மாதம் தாங்கும். ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் தூங்கச் சொன்னேன். அவரும் தூங்கினார்.

ஏப்ரல் முதல் வாரத்தில் வந்து உட்கார்ந்தபோது 76 தட்டுக்கு மேல் விரல் பின்னியது. இரண்டு வாரத்தில் பழைய 84க்கு வந்துவிட்டார். கணக்கு ஒன்றுகூட மறக்கவில்லை.

சரியாகாதவை

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பாட்டுக்கு வாசிப்பது இன்னும் அரைகுறை. தனியாக மெட்ரோநோமுக்கு வாசிப்பவர், பாடகர் ஒரு சங்கதியில் இழுத்து நிறுத்தும்போது என்ன செய்வதென்று தெரியாமல் முழிக்கிறார். பாட்டுக்கு வாசிக்கப் பாடகர் வேண்டும். அவருடைய காலை ஆறு பத்துக்கு எந்தப் பாடகரும் வரப்போவதில்லை. பதிவு செய்த கச்சேரியோடு வாசித்துப் பார்த்தோம். கீர்த்தனையின் நடை பிடிபடுகிறது, எடுப்பும் முடிப்பும் பிடிபடுகிறது. ஆனால் பதிவில் இருப்பவர் நம் வாசிப்பைக் கேட்டுப் பதில் சொல்லமாட்டார். ஏற்கெனவே அதில் ஒரு மிருதங்கம் வேறு ஓடிக்கொண்டிருக்கும். அதைக் காப்பியடிக்கத்தான் கை போகும்.

கடைசியில் அவர் குடியிருப்புக்குப் பக்கத்துக் கோவிலில் சனிக்கிழமை சாயங்காலம் நடக்கும் பஜனையில் சேர்த்துவிட்டேன். பஜனைக்காரர்கள் தாளத்தில் அவ்வளவு கறார் இல்லை. வேகம் ஏறும், இறங்கும், யாரோ ஒருவர் ஜால்ராவைத் தன் போக்கில் போடுவார். அந்தக் குழப்பத்தில் காதைத் திறந்து வைத்துக்கொள்ள வேறு வழியில்லை. தொடர்ந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து வாசித்ததில், காலைச் சாதகம் தராத தோள் பலமும் கொஞ்சம் வந்திருக்கிறது. சுத்தம் கொஞ்சம் கெடுகிறது. ஞாயிறு அதைத் துடைக்கிறோம்.

விளம்ப காலம், அதாவது மெதுவான வேகம், இன்னொரு தொல்லை. குறுகிய நேரத்தில் சாதகம் செய்கிறவர்களுக்கு வேகமாக ஏதாவது சாதித்துவிட்டு எழுந்திருக்கத் தோன்றும். ஒவ்வொரு தட்டும் இரட்டிப்பு நீளமாக வரும் இரண்டு களை ஆதியில் நிதானமாக, இடைவெளியைப் பொறுத்துக்கொண்டு வாசிக்கப் பொறுமை வரவில்லை. இதற்கு இருபத்தைந்து நிமிட அமைப்பே ஒரு காரணமோ என்று எனக்குத் தோன்றுகிறது. வாரத்தில் ஒருநாள் காலை முழுவதும் ஒரே ஒரு நடையை விளம்பத்தில் மட்டும் வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். அந்த நாளில் அனுப்பும் ஒலிப்பதிவு மட்டும் இன்னும் இருபது வினாடிக்கு மேல் வருவதில்லை.

போன மாதம் பதவி உயர்வோடு திருநெல்வேலிக்கு மாற்றல் வந்திருக்கிறது. இனி ரயில் கிடையாது, வீட்டிலிருந்து கிளைக்கு இருசக்கர வண்டியில் பத்து நிமிடம்தான். கேட்பவர்களுக்கு நேரம் மிச்சம் என்று தோன்றும். எனக்குக் கவலையாக இருக்கிறது. வண்டி ஓட்டிக்கொண்டு கோர்வை போட முடியாது. கணக்குக்கு இருந்த நாற்பது நிமிடம் போய்விட்டது. அதற்கு வேறு இடம் தேட வேண்டும், காலை நடைக்குப் போகும்போது என்று இப்போதைக்குப் பேசி வைத்திருக்கிறோம். ஞாயிறு வகுப்பு இனி வீடியோ அழைப்பில். இணையத்தில் சத்தம் ஒரு கணம் பிந்தி வருவதால் நான் தாளம் போட அவர் வாசிப்பது நடக்காது, தாளத்தை அவர் பக்கத்திலேயே ஓடவிட வேண்டியிருக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சென்னை வரும்போது நேர் வகுப்பு. பாளையங்கோட்டையில் வீடு பார்க்கிறார்கள். தரகரிடம் அவர் மனைவி சொன்ன முதல் நிபந்தனை, தரைத்தளம்.